ஏலம்னா ரெண்டு பேர் வேணும் தங்கச்சி

கேள்வி: அக்கா, எங்கப்பா பட்டர்வொர்த்துல ரேடியோ கடை வெச்சிருந்தாரு, போன வருஷம் தவறிட்டாரு. ஸ்டோர் ரூம்ல 200க்கு மேல பழைய தமிழ்ப்பட ரெக்கார்டு கெடக்கு, நெறைய பாட்டு இருக்கிற பெரிய தட்டு எல்.பி., சில பாட்டு மட்டும் இருக்கிற சின்ன ஈ.பி., கொஞ்சம் நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற அந்தக்காலத்து 78. ஈபேல 99 சென்ட்ல ஏலம் ஆரம்பிச்சா கூட்டம் தானா சேரும்னு யூடியூப்ல பாத்துட்டு நல்ல எல்.பி. ஒன்ன போட்டேன். ஒரே ஆளுதான் கேட்டாரு, 99 சென்ட்டுக்கே போயிருச்சு. தபாலுக்கு நான் போட்டிருந்த காசும் பத்தல, கைக்காசு போட்டு அனுப்பினேன். வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறாரு. அடுத்த தடவ அண்ணன் அக்கவுண்ட்ல இருந்து கேக்க சொல்லி விலைய ஏத்தலாமா? கவர்ல எல்லாம் அப்பா கடை முத்திரை இருக்கு, அத அழிச்சிரணுமா?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா

பதில்: அண்ணன் விஷயத்த முதல்ல முடிச்சிருவோம். வேணாம். ஈபேல அது தடை, கண்டுபிடிச்சா அக்கவுண்ட்டயே மூடவும் செய்யலாம், அதுவும் இல்லாம அண்ணனே ஜெயிச்சுட்டா ரெக்கார்டு திரும்ப உன் ஸ்டோர் ரூமுக்குத்தான் வரும், இதுல என்ன வியாபாரம்.

இப்ப அந்த 99 சென்ட் கதைக்கு வரேன். அங்க ஏலம் எப்படி ஓடுதுன்னு யூடியூப்காரர் உனக்கு சொல்லல. வாங்குறவர் தன்னால எவ்வளவு முடியுமோ அத மொத்தமா உள்ள போட்டு வெச்சிருவாரு, ஆனா சிஸ்டம் அவருக்கு அடுத்த ஆள தாண்டுற அளவுக்கு மட்டும்தான் விலைய ஏத்தும். ஒருத்தர் 40 டாலர் போட்டு, இன்னொருத்தர் 12 டாலர் போட்டா, விலை 12.50ல நின்னுரும். இன்னொருத்தர் வரவே இல்லன்னா? நீ ஆரம்பிச்ச விலைதான். உன் எல்.பி.ய வாங்குனவரு மனசுல 40 டாலர் இருந்திருக்கலாம், நமக்கு தெரியப் போறதில்ல. அதனால விலைய ஏத்துறது முதல் ஆள் இல்ல, ரெண்டாவது ஆள். புது ஃபோன வித்தா ரெண்டாவது ஆள் நிச்சயம் வருவாரு, 99 சென்ட்ல தைரியமா ஆரம்பிக்கலாம். 1960கள்ல வந்த தமிழ் ரெக்கார்டுக்கு அந்த வாரம் உலகத்துலயே ஒருத்தர்தான் தேடிட்டு இருப்பாரு. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில மலிவா தள்ளி விடுறப்ப லேலோங் லேலோங்னு கத்துவாங்களே, மலாய்ல ஏலத்துக்கும் அதே வார்த்தைதான், நீ ஏலம்னு நெனச்சு அந்த மாதிரி லேலோங் போட்டுட்ட, அவ்வளவுதான்.

அப்ப எங்க ஆரம்பிக்கிறது? ஈபேல தேடிட்டு ஃபில்டர்ல 'சோல்ட் ஐட்டம்ஸ்'னு ஒன்னு இருக்கும், அத தட்டு. கடந்த 90 நாள்ல நெஜமா வித்த விலை வரும். மத்த விக்கிறவங்க 'கேக்குற' விலைய பாத்து ஏமாறாத, 300 டாலர்னு போட்டுட்டு மூனு வருஷமா காத்துக்கிட்டு இருக்கிறவங்க நெறைய பேர். வித்த கணக்குல நாலஞ்சு பேர் போட்டி போட்டது தெரிஞ்சா கொறைவா ஆரம்பி. ஒன்னு ரெண்டுதான் வித்திருக்குன்னா, இதுக்கு கீழ குடுத்தா வயிறு எரியும்னு உனக்கு தோணுற விலை எதுவோ அதுலயே ஆரம்பி, இல்லன்னா ஏலமே வேணாம், நிலையான விலை போட்டு பொறுமையா இரு. ரொம்ப சாதாரண ரெக்கார்ட எல்லாம் ஈபேக்கு கொண்டு போகாத, தபால் காசே தின்னுரும், பத்து பத்தா கட்டி, உள்ளூர்ல பழைய சாமான் விக்கிற சைட்டான முடாலயோ கேரோசெல்லயோ போடு, பினாங்குக்குள்ளயே ஆள் வந்து எடுத்துட்டு போவாங்க.

தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். 'சூப்பர்', 'ரேர்' எல்லாம் போட்டு வீணாக்காத. படம் பேரு, இசையமைப்பாளர், பாடகர், எல்.பி.யா ஈ.பி.யா, லேபிள்ல இருக்கிற நம்பர், இதுங்கதான் வேணும், எல்லாம் ஆங்கில எழுத்துல, ஏன்னா தேடுறவங்க அப்படித்தான் தேடுவாங்க.

ரெக்கார்ட ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாரு, முடிஞ்சா ஓட விட்டு கேளு. கீறல், கவர்ல பழுப்புப் புள்ளி, அந்துருண்டை வாசனை, எல்லாத்தையும் போட்டோவோட எழுதிரு. நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை புடிக்காத கவர் ஏது? சொன்னா விலை கொறையுமேன்னு நெனப்ப, ஆனா கையில தொட்டு பாக்க முடியாதவருக்கு நீ மறைக்கலன்னு தெரிஞ்சாத்தான் 40 டாலர் போட மனசு வரும். 'மின்ட்'ங்கிற வார்த்தைய, அதாவது புத்தம் புதுசு மாதிரி குறையே இல்லங்கிறத, தொடவே தொடாத.

ஏலம் எந்த நேரத்துல ஆரம்பிக்குதோ அதே நேரத்துலதான் முடியும், கடைசி சில நொடியிலதான் நெறைய பேரு வந்து விழுவாங்க, அதனால அஞ்சாவது நாள் ஒருத்தரும் கேக்கலன்னு பதறி நிறுத்திராத. ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஏழு நாள் ஏலமா போடு. நமக்கு 9ன்னா சிங்கப்பூருக்கும் 9தான், சென்னையில 6.30, லண்டன்ல மத்தியானம் 1 இல்ல 2, டொரோன்டோல காலைல 8 இல்ல 9. இந்த ஊருங்கள்ல தமிழ் பாட்டு தேடுற ஆளுங்க முழிச்சிருக்கிற நேரம் அது.

தபால் விஷயத்துல நானும் அடி வாங்குனவதான். எங்க பாட்டியோட 78 ஒன்ன மெல்பர்னுக்கு வித்தேன், பழைய பேப்பர்ல சுத்தி உறையில போட்டு அனுப்பினா பிஸ்கட்டா நொறுங்கி போய் சேந்திருக்கு, வாங்குனவர் போட்டோ அனுப்பினாரு, பாத்துட்டு அன்னிக்கு சோறு எறங்கல. பணத்த திருப்பி குடுத்தேன், அது கூட பரவால்ல. 78 ரெக்கார்டு ஷெல்லாக்ங்கிற அரக்குல செஞ்சது, எல்.பி. மாதிரி வளையாது, ஒடைஞ்சிரும். எல்.பி.யா இருந்தா ரெக்கார்ட அதோட காகித உறையோட கவருக்கு வெளிய எடுத்து வெச்சு, ரெண்டையும் ஒரே பிளாஸ்டிக்ல போட்டு, ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை குடு, உள்ளயே விட்டா வழியில குத்தி கவர் ஓரம் கிழிஞ்சிரும். ஏலம் போடுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கட்டி எடை போட்டு கவுண்டர்ல விலை கேட்டுக்கோ, டிராக்கிங் நம்பரோட. முடிஞ்சப்புறம் எடை போட்டதாலதான உனக்கு கைக்காசு போச்சு.

முத்திரைய அழிக்காத. ரப்பர் வெச்சு தேய்ச்சா கவரு கிழியும், அத 'சேதம்'னு எழுத வேண்டி வரும். அப்பா கடை பேரும் பட்டர்வொர்த்தும் தெளிவா தெரியுற மாதிரி ஒரு போட்டோ தனியா எடுத்து போடு, மலேசியாவுல வித்த ரெக்கார்டுன்னு தேடி சேக்குறவங்களும் இருக்காங்க.

அந்த 78ங்கள மட்டும் இப்பவே விக்காத. லேபிள் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். வெயில்ல வைக்காத, படுக்க வெச்சு அடுக்காத, நிக்க வெச்சு வை.