கேலம்னி என்றால் அவதூறா? சில கேள்விகள், பதில்கள்

கல்லூரி மாணவி: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ‘கேலம்னி’ (calumny) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. ஸ்லாண்டர்தானே சார் அது?

பதில்: கிட்டத்தட்ட. மூன்றாம் அங்கம், முதல் காட்சி. நீ பனிபோலத் தூயவளாக இருந்தாலும் பழிக்குத் தப்ப மாட்டாய் என்று தன் காதலி ஒஃபீலியாவிடம் ஹாம்லெட் எரிந்து விழும் இடம். பொய் என்று தெரிந்தே, ஒருவர் பெயரைக் கெடுக்கவென்று சொல்வதுதான் கேலம்னி. வாயால் சொன்னால் ஸ்லாண்டர், எழுத்தில் வந்தால் லைபல் என்று ஆங்கிலேயச் சட்டம் பிரிக்கும். கேலம்னிக்கு அந்தப் பேதம் கிடையாது. திண்ணையில் பேசினாலும் மொட்டைக் கடுதாசி போட்டாலும் அதுதான்.

வக்கீல் குமாஸ்தா: நோட்டீஸில் போட்டால் எடுப்பாக இருக்குமே?

பதில்: எடுப்பாக இருக்கும், எடுபடாது. நம் சட்டத்தில் உள்ள சொல் டிஃபமேஷன், அதாவது அவதூறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. பேச்சும் எழுத்தும் ஒரே பிரிவில் அடக்கம்.

இன்னொருவர்: நடந்ததைத்தான் ஊரெல்லாம் சொன்னேன். அதுவுமா கேலம்னி?

பதில்: இல்லை. கத்தோலிக்க அறநெறியில் அதற்கு டிட்ராக்ஷன் என்று தனிப்பெயர். அடுத்தவர் குறை உண்மையே ஆனாலும், தக்க காரணமில்லாமல் தெரியாதவர்களிடம் போட்டு உடைப்பது. தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், அங்கே அதுவும் பாவக் கணக்கில்தான்!

ஆசிரியர் ஒருவர்: சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: லத்தீன் ‘கலும்னியா’. ரோமில் அது கோர்ட் சமாச்சாரம்: பொய் என்று தெரிந்தே ஒருவர்மேல் வழக்குப் போடுவது. ‘வம்புக்காக வழக்காடவில்லை’ என்று சத்தியம் வாங்கும் வழக்கமே அங்கு இருந்தது. இதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான் ‘சேலஞ்ச்’. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் சேலஞ்ச் என்றாலும் குற்றச்சாட்டுதான். சவால் என்ற பொருள் அப்புறம் ஏறியது.

மாணவி மறுபடியும்: வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

பதில்: முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள். வினைச்சொல் ‘கலம்னியேட்’, அதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும். அதன் பின்னால் ‘அபௌட்’ (about) எல்லாம் வேண்டாம், ‘தே கலம்னியேட்டட் ஹிம்’ என்றால் போதும். தலையங்கத்திலும் சரித்திரப் புத்தகத்திலும் பொருந்தும். ஆபீஸ் மெயிலில் எழுதினால் மேனேஜர் உங்கள் புகாரை விட்டுவிட்டு அகராதியைத் தேடப் போய்விடுவார். அங்கே ஸ்லாண்டர் என்றே எழுதுங்கள்.