ஆதரவு நின்றுபோன விண்டோஸ்: பழைய கணினிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-இல் நின்றது. அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விவரம் அவசியம்: ப்ராசஸர் பெயர், ராம் அளவு, ரன் பெட்டியில் (விண்டோஸ் கீயோடு ஆர்) ‘வின்வெர்’ என்று அடித்தால் தெரியும் பதிப்பு எண். “என் கம்ப்யூட்டர் பழசு” என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது.

திண்டுக்கல்: ஐ5-6200யு லேப்டாப், 8 ஜிபி, 22எச்2. ‘ஆதரவு முடிந்தது’ என்று அடிக்கடி வருகிறது. உடனே புதுசு வாங்க வேண்டுமா சார்?

வேண்டாம். விவரத்தோடு கேட்டதற்கு நன்றி. உங்கள் ப்ராசஸர் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ஆனால் ஈஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் விண்டோஸ் அப்டேட். அங்கே ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பு இருக்கும். காணோம் என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: பதிப்பு 22எச்2 அல்ல, அல்லது 2025 ஆகஸ்ட் வரையிலான அப்டேட்களை நீங்கள் போடவில்லை. பாக்கியை முடித்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

சேர மூன்று வழி உண்டு. 30 டாலர் கட்டலாம், 1000 மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பை இயக்கி உங்கள் செட்டிங்குகளை ஒன்டிரைவில் ஒத்திசைக்கலாம். மூன்றாவதற்குக் காசு கிடையாது. எந்த வழியானாலும் மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும், அதற்கு அட்மின் உரிமையும் இருக்க வேண்டும். இலவச வழியில் ஒரு வில்லங்கம்: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றட்டுமா என்று கூடவே கேட்கும். சரி என்று தட்டினால் ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி உங்கள் கல்யாணப் படங்களிலேயே நிரம்பிவிடும். ஃபோல்டர்களை அணைத்துவிட்டு செட்டிங்குகளை மட்டும் விடுங்கள், அது போதும்.

தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன ஈஎஸ்யு அப்டேட்கள் மொத்தமாக வந்துவிடும். ஆனால் விட்டுப்போன மாதங்களில் ஓட்டை திறந்தே கிடந்தது என்பதை மறக்க வேண்டாம். எதைத் தொடும் முன்பும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுங்கள், எடுத்ததும் கேபிளைப் பிடுங்குங்கள். சொருகியபடியே விட்ட டிஸ்கை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்) சேர்த்தே பூட்டிவிடும்.

தஞ்சாவூர்: நல்ல ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. ஆன்டிவைரஸ் பார்ப்பது வந்து இறங்கும் கோப்பையும் அதன் நடத்தையையும். அப்டேட் அடைப்பது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையை. வாசலில் நாய் கட்டியிருக்கிறீர்கள், சரி. கொல்லைச் சுவர் இடிந்து கிடக்கிறதே?

2017-இல் நடந்ததைப் பாருங்கள். கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி பழைய பதிப்பில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14-இல் அப்டேட் வந்தது. வான்னாக்ரை புழு மே 12-இல் கிளம்பியது. இரண்டு மாத இடைவெளி. அப்டேட் போடாத கணினிகளுக்குள் அது நெட்வொர்க் வழியாகவே நுழைந்தது, யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆதரவு நின்ற கணினிக்கு அந்த மார்ச் 14 வரவே வராது, மே 12 மட்டும் வரும்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் விவரங்கள் வரும். எனவே ஆன்டிவைரஸுக்கெனத் தனியாகக் காசு செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கலாமா என்று பாருங்கள்.

ஈரோடு: அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், ஐ5-8400, 16 ஜிபி. ‘விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை’ என்கிறது. எட்டாம் தலைமுறைதானே, ஏன்?

கணினிக்குத் தகுதி இருக்கிறது, அசெம்பிள் செய்தவர் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலை, தொடாமல் கொடுத்திருக்கிறார். ரன் பெட்டியில் ‘டிபிஎம் டாட் எம்எஸ்சி’ அடியுங்கள். டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் இல்லை என்று காட்டினால், பயாஸில் பிடிடி என்ற அமைப்பு அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். ஏஎம்டி போர்டில் அதன் பெயர் எஃப்டிபிஎம்.

அடுத்து ‘எம்எஸ்இன்ஃபோ32’. அதில் பயாஸ் மோட் ‘லெகசி’ என்று காட்டினால், டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. ஃபார்மேட் தேவையில்லை. விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் ‘வேலிடேட்’, ‘அலோஃபுல்ஓஎஸ்’ சுவிட்சுகளோடு ஓட்டுங்கள். தேறினால் வேலிடேட்டுக்குப் பதில் ‘கன்வெர்ட்’. மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் தேறாது. மாற்றி முடித்த பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) அணைக்க வேண்டும், பிறகு செக்யூர் பூட்டை இயக்க வேண்டும். வரிசை மாறினால் கணினி பூட் ஆகாது. பதறாமல் சிஎஸ்எம்-ஐ மறுபடி இயக்கினால் வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறது என்றால் முதலில் அதை ‘சஸ்பெண்ட்’ செய்யுங்கள், இல்லையேல் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நிற்கும். பழைய கணினியிலிருந்து கழற்றிப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டு என்றால் சிஎஸ்எம் அணைந்ததும் திரை கறுப்பாகலாம். புதிய வகை பயாஸான யூஇஎஃப்ஐ தெரியாத கார்டு அது. கழற்றிவிட்டு மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் கேபிளைப் போடுங்கள்.

பேக்கப், பிறகு கேபிளைப் பிடுங்குவது. சொல்லிவிட்டேன்.

கரூர்: இலவச ஆன்டிவைரஸில் எது பெஸ்ட்?

தஞ்சாவூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிவகாசி, அச்சகம்: எக்ஸ்பி மெஷின், பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் எழுத்துருக்கள். பதினைந்து வருட வேலை அதில்தான் இருக்கிறது. மாற்ற முடியாது.

மாற்றச் சொல்லப் போவதில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. அதை இணையத்தில் பாதுகாப்பாக வைக்க வழியே இல்லை. இணையம் இல்லாமல் வைக்கலாம், உங்கள் வேலைக்கு இணையம் தேவையும் இல்லை.

லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை கார்டு இருந்தால் கழற்றுங்கள். மென்பொருளில் அணைத்தால் போதாது, யாராவது பையன் ஒரு நாள் இயக்கிவிடுவான். வாடிக்கையாளர் அனுப்பும் வாட்ஸ்அப், மின்னஞ்சல் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்து, ஸ்கேன் செய்து, அதற்கென்றே வைத்த ஒரே பென்டிரைவில் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளரின் பென்டிரைவ் அந்த மெஷினைத் தொடவே கூடாது.

பென்டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னை அணைத்தால் போதும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். 2010-இல் ஸ்டக்ஸ்நெட் புழு பயன்படுத்திய ஓட்டையில், ஷார்ட்கட்டின் ஐகான் திரையில் தெரிந்தாலே தொற்றிக்கொண்டது. அதற்கான அப்டேட் அந்த ஆகஸ்டில் வந்தது, சர்வீஸ் பேக் 3 உள்ள எக்ஸ்பிக்கு மட்டும். உங்களுடையது சர்வீஸ் பேக் 2 என்றால் அந்த ஓட்டை இன்றும் திறந்திருக்கிறது.

உங்கள் மெஷினுக்கு வைரஸைவிடப் பெரிய எமன் அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதை இந்த வாரமே படியெடுங்கள். முடிந்தால் டிஸ்க்2விஎச்டி கொண்டு முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக்கி, புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள். ராம் 1 ஜிபி தாராளம். நெட்வொர்க் அடாப்டரை ‘நாட் அட்டாச்ட்’ என்று வையுங்கள். டிஸ்கை ஐடிஇ கண்ட்ரோலரில் இணையுங்கள். சாட்டாவில் இணைத்தால் எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லாததால் 7பி என்று முடியும் நீலத்திரைதான் கிடைக்கும். வன்பொருள் மாறியதென்று எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். கணினியோடு வந்த லைசென்ஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே என்பதையும் மனதில் வையுங்கள். எழுத்துரு மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சாவி) என்றால் உள்ளே கடத்திவிடலாம். பழைய பிரின்டர் போர்ட் டாங்கிள் என்றால் பெரும்பாலும் ஓடாது. அப்படியானால் பழைய மெஷினே கதி, டிஸ்க் படி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்: ஐ5-4570, 8 ஜிபி. போன வருஷம், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸில் ‘டிபிஎம் வேண்டாம்’ என்று டிக் செய்து 11 போட்டேன். ஒரு குறையும் இல்லை. அக்டோபர் தேதி, ஈஎஸ்யு என்று ஏன் எல்லாரையும் பயமுறுத்துகிறீர்கள்?

வின்வெர் என்ன சொல்கிறது?

கோயம்புத்தூர்: 23எச்2.

அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஆதரவு 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்த 10-லிருந்து ஆதரவு முடிந்த 11-க்கு வீடு மாறியிருக்கிறீர்கள்.

சேலம்: அதெப்படி? 11-க்குத்தான் ஆதரவு இருக்கிறதே!

11 என்ற பெயருக்கு இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், ப்ரோவில் 24 மாதம்தான். தகுதியுள்ள கணினியில் அடுத்த பதிப்பு தானாக இறங்கும். தகுதியில்லாததில் அது தானாக வராது, நாமே தேடிப் போட வேண்டும். இடையில் மாத அப்டேட் வந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். பிறகு ஒரு மாதம் சத்தமில்லாமல் நின்றுவிடும். 24எச்2-வின் கடைசி நாளும் 2026 அக்டோபர் 13தான், ஈஎஸ்யு முடியும் அதே நாள்.

கோயம்புத்தூர்: வருஷத்துக்கு ஒரு தடவை மேலேயே போட்டுக்கொள்கிறேன். அரைமணி நேர வேலை. இதற்குப் போய், விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கற்றுக்கொள் என்று சிலர் சொல்கிறார்களே?

உங்களுக்கு அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். புதிய ரூஃபஸில் தயாரித்த பென்டிரைவிலிருந்து, விண்டோஸ் ஓடும்போதே செட்டப்பை இயக்குங்கள், கோப்புகள் அப்படியே இருக்கும். நாலாம் தலைமுறையில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற கூடுதல் பாதுகாப்பை இயக்கினால் வேகம் குறையும். அதற்கு வேண்டிய வன்பொருள் வசதி ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை வேண்டும் என்ற கோட்டினை மைக்ரோசாப்ட் வெறும் வியாபாரத்துக்காகக் கிழித்தது என்று சொல்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஊரிலிருக்கும் அம்மாவின் கணினிக்கு இந்த வழியைச் செய்து கொடுக்காதீர்கள். அடுத்த வருஷம் அரைமணி நேரம் அங்கே யார் உட்காருவார்?

சேலம்: அப்போது என் கோர் 2 டுவோவுக்கும் ரூஃபஸ் போடலாமா? 4 ஜிபி.

முடியாது. 24எச்2 முதல் பாப்கவுன்ட் என்ற ப்ராசஸர் கட்டளை கட்டாயம், கோர் 2-வில் அது கிடையாது. பூட்டே ஆகாது. எந்த டிக்கும் உதவாது. உங்களுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு. ராம் 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி நலம். ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டி ஆக்காமல் போட்டுவிட்டு “லினக்ஸும் மெதுவாக இருக்கிறது” என்று வந்து நிற்காதீர்கள்.

பெயரிடாதவர்: கடையில் 300 ரூபாய்க்கு விண்டோஸ் ஆக்டிவேட் செய்து தருகிறார்களே?

அந்த ஆக்டிவேட்டரை ஓட்டும் முன் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். பூட்டுக்காரன் சாவியைத் தனக்கும் ஒன்று வெட்டிக்கொள்ள நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வந்து இதைக் கேட்கலாமா?

விழுப்புரம்: லினக்ஸில் டேலி, ஜிஎஸ்டி டிஜிட்டல் கையொப்ப டோக்கன், தமிழ் டைப்பிங் வேலை செய்யுமா?

டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. டோக்கனோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கணக்கு எழுதும் கணினிக்கு ஈஎஸ்யு போட்டு, அதற்குள் மாற்றுக் கணினிக்குப் பணம் சேருங்கள். தமிழுக்குக் கவலை வேண்டாம். ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, லாக் அவுட் செய்து வந்தால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எல்லாம் கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய ஆவணங்களுக்கு அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் போதும்.

நாகர்கோவில்: விண்டோஸ் 7, குரோம். பேங்க் வேலை செய்யலாமா?

கூடாது. விண்டோஸ் 7-க்கான கடைசி குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. பேங்க் வேலையை இன்னும் அப்டேட் வரும் போனில் செய்யுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை இன்றே அழித்துவிட்டு, வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

வேலூர்: 2012 மேக்புக்…

மேக் என் துறையில்லை. அறிந்தவரைக் கேளுங்கள்.

கடலூர்: வீட்டு வைஃபையில் பழைய கணினி இருந்தால் மற்றவற்றுக்கும் ஆபத்தா?

உண்டு. ரௌட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ இயக்கி, பழையதை அதில் மட்டும் சேருங்கள். கருவிகள் தாமாகவே ரௌட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி-யை அணையுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்கேனர் கோப்பு அனுப்பவில்லை என்று யாரோ ஒருவர் அதை இயக்கியிருப்பார். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கு. ரௌட்டருக்கே அப்டேட் வந்து எத்தனை வருடம் என்றும் பாருங்கள்.

தேனி: எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? ப்ராசஸர் தெரியவில்லை.

தஞ்சாவூர். முதல் பத்தி. மூன்று விவரம்.

சேலம்: மின்ட் பென்டிரைவில் லைவாக ஓடுகிறது, ஆனால் வைஃபை பட்டியலே வரவில்லை.

ப்ராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்பாக இருக்கும். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி ‘டெதரிங்’ இயக்குங்கள், இணையம் வந்துவிடும். முதலில் நிறுவி முடியுங்கள். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் ப்ராட்காம் டிரைவரைக் காட்டும், தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெதரிங்கும் முடியாவிட்டால் அந்த நிறுவல் பென்டிரைவையே செருகி வையுங்கள், டிரைவர் மேனேஜர் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நிறுவும்போது ‘டிஸ்கை அழி’ என்று கேட்கும் இடத்துக்கு முன்னால் பழைய படங்களின் பேக்கப் எடுத்தாகிவிட்டதா?

சேலம்: எடுத்துவிட்டேன். சொருகியபடிதான் இருக்கிறது.

பிடுங்குங்கள். நிறுவும் நிரல் இரண்டு டிஸ்கையும் காட்டும், எது எது என்று அளவை வைத்துத்தான் தெரியும்.