வேலையை விட்டுட்டுப் படிக்க வேணாம்: போலீஸ்ல இருக்கற பொண்ணோட அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் சார், உங்க மெயிலை ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிச்சுட்டு போலீஸ்ல சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு, இப்போ குற்றப் பதிவு டேட்டா பாக்கற பிரிவுல இருக்கா, ஆன்லைன்ல எவிடென்ஸ் பேஸ்டு போலீசிங்னு (ஆதாரத்தை வெச்சு போலீஸ் வேலையை எடைபோடறது) ஒரு முதுநிலை ஆராய்ச்சிப் படிப்பு சேரணும்னு நிக்கறா. வீட்டுல யாருக்கும் இது பிடிக்கல. பெரியப்பா "ஆன்லைன்ல வாங்கறதெல்லாம் ஒரு டிகிரியா"ங்கறார். மாமா, வேலையை விட்டுட்டு வெளிநாட்டுல பேர் பெத்த யுனிவர்சிட்டி ஒண்ணுல ஒரு வருஷ கிரிமினாலஜி மாஸ்டர்ஸ் போகட்டும், வீட்டுப் பத்திரத்தை வெச்சு லோன் போட்டுக்கலாம்ங்கறார். அத்தைக்கு ஃபாரன்சிக் சயின்ஸ், ஏன்னா வெளில சொல்லிக்க நல்லாருக்கும். நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு எது சரின்னு கேக்கறீங்க.

எல்லாரும் அவ நல்லதுக்குத்தான் சொல்றாங்க, பொறுமையா பேசி முடிவெடுங்கன்னு எழுதினா உங்களுக்கு ஆறுதலா இருக்கும், ஆனா மாமா சொல்ற வழில போனா பணமும் போகும், அவ கைல இப்போ இருக்கற ஒரே பெரிய சொத்தும் போகும். அந்தச் சொத்து அவளோட வேலை. இந்தத் துறைல ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசைப்படற பசங்க எத்தனையோ பேர் போலீஸ் டேட்டா கிடைக்காமயே தலைப்பை மாத்திக்கிட்டுப் போறாங்க. உங்க பொண்ணு தினமும் அந்த டேட்டா முன்னாடிதான் உக்காந்திருக்கா. அதை ராஜினாமா பண்ணிட்டு, தூர தேசத்துல ஒரு லைப்ரரில உக்காந்து மத்தவங்க பண்ண ஆராய்ச்சியைப் பத்தி கட்டுரை எழுதறதுக்கு வீட்டை அடமானம் வைக்கணுமா?

ஃபாரன்சிக் பத்தி ஒரே வரி. அது லேப் வேலை, கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் பிடிச்சவங்களுக்கு, அவளுக்கு அதுல ஆர்வம் இருக்கறதா உங்க மெயில்ல ஒரு எழுத்துகூட இல்ல. சட்டம், எம்பிஏ, பெரிய அதிகாரி ஆகற போட்டித் தேர்வு, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, நான் விட்டுடறேன்.

அவ கேக்கற படிப்பு என்னன்னு வீட்டுல யாருமே சரியா விசாரிக்கலன்னு தோணுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

போலீஸ் செய்யற ஒவ்வொரு காரியமும், ரோந்து, கைது, கேமரா, பயிற்சி, நிஜமாவே பலன் தருதா, இல்ல பழக்கத்துல ஓடிட்டிருக்கான்னு சோதிச்சுப் பாக்கறதுதான் இந்தத் துறை. லாரன்ஸ் ஷெர்மன்னு ஒரு கிரிமினாலஜிஸ்ட் 1998ல ஒரு சொற்பொழிவுல இந்தப் பேரை வெச்சார், ஆனா வேலை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டில 1972 அக்டோபர்லேர்ந்து ஒரு வருஷம், 15 ரோந்துப் பகுதிகளை மூணு கூட்டமா பிரிச்சாங்க. அஞ்சுல வழக்கமான ரோந்து, அஞ்சுல ரெண்டு மூணு மடங்கு ரோந்து, மீதி அஞ்சுல ரோந்தே கிடையாது, யாராவது கூப்பிட்டா மட்டும் வண்டி போகும். குற்றத்துலயும் சரி ஜனங்க பயத்துலயும் சரி சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே வரல. ரோந்து கூடினதோ நின்னதோ அங்க இருந்தவங்க பெரும்பாலும் கவனிக்கவேயில்ல. போலீஸ் உலகத்துக்கே அது ஒரு அடி.

அப்புறம் மினியாபொலிஸ்ங்கற இன்னொரு அமெரிக்க ஊர்ல டேட்டாவைக் கிளறினப்போ ஊர்ல இருக்கற விலாசங்கள்ல சுமார் 3 சதவீதத்துலேர்ந்துதான் போலீஸுக்குப் பாதி அழைப்புகள் வருதுன்னு தெரிஞ்சது. சரி, ஊர் முழுக்கச் சுத்தறதை விட்டுட்டு அந்த இடங்கள்ல (ஹாட் ஸ்பாட்னு சொல்வாங்க) மட்டும் நிப்போம்னு 1988-89ல 110 இடங்களை எடுத்து, குலுக்கல்ல பாதிக்கு மட்டும் கூடுதல் ரோந்து குடுத்துப் பாத்தாங்க, அங்க பலன் தெரிஞ்சது. அதே டேட்டாவை வெச்சு கிறிஸ்டோபர் கோபர்ங்கறவர், ஒரு இடத்துல 10லேர்ந்து 15 நிமிஷம் நின்னுட்டுக் கிளம்பறதுதான் சரியான அளவு, அதுக்கு மேல நின்னா கூடுதல் பலன் இல்லன்னு கணக்குப் போட்டு 1995ல எழுதினார். பாருங்க சார், ஒரு கான்ஸ்டபிள் எத்தனை நிமிஷம் எங்க நிக்கணும்ங்கறது வரைக்கும் இறங்குது. உங்க பொண்ணுக்கு இதுலதான் பசி.

இதெல்லாம் அமெரிக்கக் கதைன்னு மாமா சொல்வார். ஆனா ராஜஸ்தான் போலீஸ்ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோங்கற பொருளாதார நிபுணர்களோட குழு இதே மாதிரி பல சீர்திருத்தங்களை ஸ்டேஷன் ஸ்டேஷனா சோதிச்சாங்க. பயிற்சி குடுத்ததும் அடிக்கடி டிரான்ஸ்ஃபர் பண்றதை நிறுத்தினதும் வேலை செஞ்சது, வாராந்திர லீவு மாதிரி சிலது நடைமுறைல சரியா ஓடவே இல்ல, அதனால பலனும் தெரியல. மத்தியப் பிரதேசத்துல 180 ஸ்டேஷன்கள்ல பெண்கள் உதவி மையத்தைச் சோதிச்சு 2022ல சயன்ஸ் இதழ்ல வந்தது. மையம் இருந்த ஸ்டேஷன்கள்ல பெண்கள் மேல நடக்கற வன்முறைக்கு வழக்குப் பதிவு கூடிச்சு, அதுலயும் பெண் அதிகாரிங்க பொறுப்புல இருந்த இடங்கள்லதான் முதல் தகவல் அறிக்கை கூடினது தெளிவா தெரிஞ்சது. குறிப்பா இதை அவகிட்ட படிக்கச் சொல்லுங்க.

இப்போ படிப்புக்கு வரேன். ஆராய்ச்சி மாஸ்டர்ஸ்னா வகுப்பு கம்மி, சொந்த ஆராய்ச்சி அதிகம். பிரிட்டிஷ் முறைல ஒரு மாஸ்டர்ஸ்னா 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்புன்னு கணக்கு, ஆக 1800 மணி நேரம். எம்.ரெஸ்ல, அதாவது ஆராய்ச்சி மாஸ்டர்ஸ்ல, பாதிக்கும் மேல ஆய்வேட்டுக்கே போயிடும், மீதி ஆராய்ச்சி முறைகள், ஏற்கெனவே வந்த ஆய்வுகளை ஒழுங்கா சலிச்சு எடுக்கற முறை, புள்ளியியல். பகுதி நேரமா ரெண்டு வருஷத்துல முடிக்கறதுன்னா லீவே இல்லாம வாரம் சுமார் 17 மணி நேரம். ஷிஃப்ட் டியூட்டி பாக்கற பொண்ணுக்கு இது சாதாரணம் இல்ல. அதனால "ஆன்லைன்தானே, ஈஸி"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. இன்னொண்ணு, கேம்பிரிட்ஜ்ல போலீஸ் அதிகாரிகளுக்குன்னே நடத்தற முதுநிலைப் படிப்பும் பகுதி நேரம்தான், வேலைல இருந்துக்கிட்டே வர்றவங்களுக்குத்தான் அதை வெச்சிருக்காங்க. பேர் பெத்த இடமே வேலையை விடச் சொல்லல, மாமா சொல்றார்!

ஆய்வேட்டுல அவ என்ன பண்ணுவான்னு நீங்க கற்பனை பண்ணிப் பாக்கணும், அதுக்காக ஒரு சின்ன விஷயம். வீடு புகுந்து திருடின கேஸ் லிஸ்ட்டை ஒரு எக்செல் ஷீட்டுல இறக்கி மணிவாரியா வரிசைப்படுத்தினா, ராத்திரி சரியா பன்னெண்டு மணிக்கு ஒரு பெரிய குவியல் நிக்கும். திருடங்க பன்னெண்டு அடிச்சதும் கிளம்பறாங்கன்னு அர்த்தம் இல்ல, நேரம் தெரியாதப்போ, கேஸைப் பதிவு பண்ற ஸ்டேஷன் ரைட்டர் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுட்டார், கம்ப்யூட்டர் சைபர் சைபர்னு போட்டுக்கிச்சு. அதே மாதிரி மேப்ல போட்டா ஸ்டேஷன் வாசல்லயே ஏகப்பட்ட குற்றம் நடந்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், விலாசம் சரியா இல்லாத கேஸுக்கெல்லாம் ஸ்டேஷன் விலாசத்தையே போட்டிருப்பாங்க. வெளிலேர்ந்து வர்ற ஆராய்ச்சியாளருக்கு இது பிடிபடவே பல மாசம் ஆகும், சில பேர் பிடிபடாமயே பேப்பர் எழுதிடுவாங்க. உங்க பொண்ணுக்கு அந்த ரைட்டரையே தெரியும். வீட்டுக்காரங்க காலைல கிளம்பி சாயங்காலம் வந்து பாத்தா பூட்டு உடைஞ்சிருக்குன்னா, அந்த நேர இடைவெளி முழுக்கப் பரப்பிக் கணக்குப் போடற முறை ஒண்ணு இருக்கு, ஜெர்ரி ராட்கிளிஃப் மாதிரி குற்றவியல் ஆராய்ச்சியாளருங்க வளர்த்தது, இப்படிப்பட்டதைத்தான் இந்தப் படிப்புல உக்காத்தி வெச்சு சொல்லித் தருவாங்க. அதுக்குத் தேவையான ஆர் (புள்ளியியலுக்கு), கியூஜிஐஎஸ் (மேப் போட) ரெண்டும் இலவச சாஃப்ட்வேர்.

அவ மெயில்ல உங்களுக்கு அனுப்பினதா நீங்க ஒட்டியிருந்த வரி ஒண்ணு, "ரோந்து நோட்டுல எல்லா கையெழுத்தும் ஒரே பேனாவுல இருக்குப்பா, அப்போ ரோந்து நடந்துதா இல்லையான்னே தெரியாம பலன் இருக்கான்னு எப்படிச் சொல்றது"ன்னு. சார், இது ஆராய்ச்சி செய்யற மூளை. குடுத்த உத்தரவு நிஜமா நடந்துதான்னு அளக்காம விட்டா, எந்தச் சோதனையோட முடிவையும் நம்ப முடியாது. அதை யாரும் சொல்லிக் குடுக்காமயே கேக்கற பொண்ணை வேற படிப்புல தள்ளினா ரெண்டு வருஷம் கழிச்சு அவளும் சந்தோஷமா இருக்க மாட்டா, நீங்களும் இருக்க மாட்டீங்க. இந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். படிக்கப் போறது அவ.

இனிமே கறாரான விஷயம், பணம். வீட்டுப் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும். அவ சம்பளத்துல தவணை கட்ட முடிஞ்சா சேரட்டும், முடியலன்னா ஒரு வருஷம் சேத்து வெச்சுட்டு சேரட்டும், இந்தப் படிப்பு எங்கயும் ஓடிடாது. ஃபீஸ் கேக்கும்போது மொத்தத் தொகையை எழுத்துல வாங்குங்க. வெளிநாட்டு மாணவருக்கு வேற ரேட்டா, ரெண்டாவது வருஷம் ஏறுமா, ஆய்வேடு தாமதமானா நீட்டிப்புக்குத் தனியா கட்டணுமா, நடுவுல நின்னா திருப்பித் தருவாங்களா, வைவாவுக்கு (ஆய்வேடு பத்தின வாய்மொழித் தேர்வு) நேர்ல வரணுமா. நீட்டிப்புக் கட்டணத்துல தான் நிறைய பேர் மாட்டறாங்க, ஏன்னா போலீஸ் வேலைல இருக்கறவங்க ஆய்வேட்டை சொன்ன தேதில குடுக்கறது அபூர்வம். டிபார்ட்மென்ட்ல படிப்புக்கு உதவித்தொகையோ படிப்பு லீவோ இருக்கான்னு அவ கேக்கணும். இந்த டிகிரியால பிரமோஷன் வரும்னு நம்பி மட்டும் சேர வேணாம், உங்க நாட்டுல ஆன்லைன் வெளிநாட்டு டிகிரிக்கு சமநிலை அங்கீகாரம் தர்றாங்களா, டிபார்ட்மென்ட் அதை சர்வீஸ் புக்ல ஏத்துமான்னு முதல்லயே விசாரிச்சுக்கணும். பெரியப்பா கேள்வில நியாயம் இருக்கறது இந்த ஒரு இடத்துலதான்.

ஃபீஸை விட முக்கியமானது அனுமதிக் கடிதம். டேட்டாவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்னு மேலதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாம அட்மிஷன் ஃபீஸ் ஒரு பைசா கட்டக் கூடாது. அந்தக் கடிதம் அதிகாரி பேர்ல இல்லாம ஆபீஸ் பேர்ல இருக்கணும், ஏன்னா அவர் மாறிட்டா அடுத்து வர்றவர் எனக்குத் தெரியாதும்பார். அவளுக்கே டிரான்ஸ்ஃபர் வந்தாலும் டேட்டா தொடர்ந்து கிடைக்கும்னு அதுல வரி வேணும். பேர், விலாசம் நீக்கின டேட்டாதான், அது ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டு வெளில போகாது, முடிவு பாதகமா வந்தாலும் ஆய்வேட்டுல எழுதலாம், இதையும் சேத்து எழுதி வாங்கணும். கடைசி விஷயம் கஷ்டம்தான். கலிஃபோர்னியாவுல ரியால்டோங்கற சின்ன ஊர்ல உடம்புல மாட்டற கேமராவைச் சோதிச்சப்போ புகாரும் பலப்பிரயோகமும் நல்லா குறைஞ்சது, உலகம் முழுக்க கேமரா வாங்கினாங்க. அப்புறம் வாஷிங்டன் டி.சி.ல 2000 போலீஸ் அதிகாரிங்களுக்கு மேல வெச்சுப் பெரிசா சோதிச்சு 2017ல வெளியிட்டப்போ வித்தியாசமே தெரியல. அந்த மாதிரி ஒரு முடிவை தன் ஆபீஸர் மேஜைல வைக்கற தைரியம் அவளுக்கு வேணும், அதைக் கேட்டுக்கற பெருந்தன்மை அந்த ஆபீஸருக்கும் வேணும். யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டியும் கேள்வி கேக்கும், தனக்குக் கீழ வேலை பாக்கற கான்ஸ்டபிளைப் பேட்டி எடுத்தா அவர் மனசு விட்டு சம்மதிச்சாரா இல்ல பயத்துல தலையாட்டினாரான்னு.

வேலைல இல்லாத, இப்பதான் டிகிரி முடிச்ச பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு இது பொருந்தாது. போலீஸ்லயோ அது சம்பந்தப்பட்ட அமைப்புலயோ உள்ள கால் வெக்காம இந்த ஆன்லைன் ஆராய்ச்சிப் படிப்புல சேந்தா டேட்டா இல்லாம தவிக்கணும்.

சார், இப்போ செய்ய வேண்டியது இதுதான். அவ அடுத்த ரெண்டு மாசம் காம்பெல் கொலாபரேஷன்ங்கற சர்வதேச ஆய்வு அமைப்புல இலவசமா கிடைக்கற போலீசிங் தொகுப்பாய்வுகள்ல (பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து எழுதினது) மூணு நாலு படிக்கட்டும், முதல்ல ஹாட் ஸ்பாட் பத்தினது. படிச்சுட்டு சலிப்பு வந்தா நல்லதாப் போச்சு, செலவில்லாம தெரிஞ்சுக்கிட்டோம். சலிப்பு வரலன்னா தன் ஆபீஸ்ல சோதிக்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியை ஒரு பக்கத்துல எழுதட்டும், கூடவே அந்தக் கேள்விக்கு மாசத்துக்கு எத்தனை கேஸ் பதிவாகுதுன்னு எண்ணிக்கை போடட்டும், ரொம்பக் கம்மியா இருந்தா எந்த முடிவும் வெளில தெரியாது, கேள்வியை மாத்தணும். அந்தப் பக்கத்தை மேலதிகாரிகிட்டயும், அவ பாத்து வெச்சிருக்கற யுனிவர்சிட்டில கைடா வரக்கூடிய ஒருத்தருக்கும் அனுப்பட்டும். ரெண்டு பேரும் சரின்னு எழுதிக் குடுத்தா விண்ணப்பம் போடலாம். அதிகாரி முடியாதுன்னுட்டா இந்த வருஷம் சேர வேணாம். மாமாகிட்ட லோன் பேச்சை இன்னைக்கே நிறுத்தச் சொல்லிடுங்க.