பண்ணையும் சம்பளப் பட்டியலும்: பால்டிமோர் ஓரியோல்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 2023-இல் 101 ஆட்டங்களை வென்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி, 2025-இல் 75 வெற்றிகளோடு தன் பிரிவின் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. இளம் வீரர்கள் பெரும்பாலும் அப்படியேதானே இருக்கிறார்கள்? பிறகு எங்கே தவறு நடந்தது?

பதில்: மட்டையாளர்கள் இருந்தார்கள், பந்தெறிவாளர்கள்தாம் இல்லாமல் போனார்கள். 2024 பிப்ரவரியில் மில்வாக்கி புரூவர்ஸிடமிருந்து பெற்ற கார்பின் பர்ன்ஸ் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அரிசோனா டயமண்ட்பேக்ஸுக்குப் போய்விட்டார். அந்த வெற்றிடத்தை நிரப்ப, 41 வயதான சார்லி மார்ட்டனையும் ஜப்பானிலிருந்து வந்த டொமொயுகி சுகானோவையும் தலா ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அது போதவில்லை. கிரேசன் ரோட்ரிகஸ் காயத்தால் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடப் பந்தெறியவில்லை. முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட கைல் பிராடிஷ் ஆகஸ்டு இறுதியில்தான் திரும்பினார். 15 வெற்றி, 28 தோல்வி என்ற நிலையில் மே 17 அன்று மேலாளர் பிராண்டன் ஹைட் நீக்கப்பட்டார். ஜூலையில் செட்ரிக் மல்லின்ஸ், ரயன் ஓ'ஹெர்ன், ரமோன் லாரியானோ என்று ஒருவர் பின் ஒருவராக வேறு அணிகளுக்குக் கொடுக்கப்பட்டார்கள்.

பொது மேலாளராக 2018 நவம்பரில் வந்த மைக் எலியாஸ், 115 தோல்விகள் கண்ட ஓர் அணியைப் பொறுமையாகக் கட்டி எழுப்பியவர் என்பதில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் 2024–25 குளிர்காலத்தில் அவர் காட்டியது பொறுமை அன்று, தயக்கம். அந்தத் தயக்கம் 2025–26 குளிர்காலத்தில் விலகியிருக்கிறது என்பதே இந்த இதழின் பதில்களில் நான் சொல்ல விரும்புவது.

கேள்வி: ஆட்டங்களே நடக்காத மாதங்களில் 26 பேர் பட்டியல், 40 பேர் பட்டியல், ஐந்தாம் விதித் தேர்வு என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: களத்தில் ஆடத் தகுதியுள்ளவர்கள் 26 பேர். அவர்களையும் சேர்த்து, அணி முழு உரிமையோடு கையில் வைத்திருப்பவர்கள் 40 பேர். மற்றவர்கள் நார்ஃபோக், செசபீக் முதலிய கீழ்நிலை அணிகளில் பயிற்சி பெறுகிறார்கள். அமெரிக்கர்கள் பண்ணை என்று அழைப்பது இந்தக் கீழ்நிலை அணிகளின் அடுக்கைத்தான். பதினெட்டு வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான ஒருவர் ஐந்து பருவங்களுக்குள், அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பந்தமானவர் நான்கு பருவங்களுக்குள், 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாவிட்டால், டிசம்பரில் நடக்கும் ஐந்தாம் விதித் தேர்வில் வேறு எந்த அணியும் 1 லட்சம் டாலர் செலுத்தி அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரை 26 பேரில் ஒருவராக வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும்.

இதைச் சிறு கணக்கு வழக்கு என்று ஒதுக்க வேண்டாம். 2016 டிசம்பரில் கிளீவ்லாந்திடமிருந்து ஓரியோல்ஸ் இப்படி எடுத்த அந்தோனி சான்டாண்டர்தான் 2024-இல் 44 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்தார்.

கேள்வி: முதல் தளக்காரர் பீட் அலோன்சோவை ஐந்து ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஓரியோல்ஸ் சேர்த்திருக்கிறது. இவ்வளவு பணத்தை அணியால் தாங்க முடியுமா? கிறிஸ் டேவிஸ் கதை திரும்பிவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2016 ஜனவரியில் டேவிஸுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் தரப்பட்டது; அவரும் முதல் தளக்காரர், அவரும் ஹோம் ரன்னுக்குப் பெயர் பெற்றவர். 2018-இல் அவருடைய மட்டையடி விகிதம் .168-க்கு விழுந்தது. ஒப்பந்தத் தொகையில் 4.2 கோடி டாலரைப் பின்னாளில் தருவதாக ஒத்திவைத்திருந்ததால், 2021-இல் ஓய்வு பெற்றுவிட்ட அவருக்கு 2037 வரை ஓரியோல்ஸ் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2026-இல்கூட அந்தக் கணக்கில் 35 லட்சம் டாலர் போகிறது.

ஆனால் இப்போதைய சூழல் வேறு. மேஜர் லீக் பேஸ்பாலில் முதல் மூன்று ஆண்டுகள் ஒரு வீரருக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளமே கிடைக்கும். 2026-இல் அது 7.8 லட்சம் டாலர். மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு நடுவர் தீர்ப்பு வழியாகச் சம்பளம் படிப்படியாக உயரும். ஆறு ஆண்டுகள் முடித்த பிறகே அவர் தன் விருப்பப்படி எந்த அணியோடும் பேசலாம். ஜாக்சன் ஹாலிடே, சாமுவேல் பசாயோ, டிலன் பீவர்ஸ் ஆகியோர் சந்தை விலையைவிட வெகு குறைவான சம்பளம் பெறும் இந்த ஆண்டுகளில்தான், ஆண்டுக்கு 3.1 கோடி டாலர் பெறும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. பேஸ்பாலில் சம்பள உச்சவரம்பு கிடையாது. 2026-இல் மொத்தச் சம்பளம் 24.4 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி உண்டு, அது முதல் முறை 20 விழுக்காடு, தொடர்ந்து தாண்டினால் 30, பிறகு 50. அந்தக் கோட்டுக்கு ஓரியோல்ஸ் இன்னும் வெகு கீழேதான் நிற்கிறது. 2024-இல் 172.5 கோடி டாலர் மதிப்பில் அணியை வாங்கிய டேவிட் ரூபன்ஸ்டீன் குழுவினரிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பழைய அணி முன்வைக்கும் ஓராண்டுத் தகுதி ஒப்பந்தத்தை மறுத்துவிட்டு வரும் வீரரைச் சேர்த்தால், சேர்க்கும் அணி டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது இளம் வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில்) தன் தேர்வுகளில் ஒன்றையாவது இழக்கும். அலோன்சோ அத்தகைய ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு முன்பே ஒருமுறை பெற்றுவிட்டதால் மறுமுறை அவருக்கு அதைத் தர விதி இடம் தரவில்லை. இறுதி இன்னிங்ஸுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு 2.8 கோடி டாலரில் சேர்க்கப்பட்ட ரயன் ஹெல்ஸ்லி, பருவத்தின் நடுவில் அணி மாறியவர் என்பதால் அவருக்கும் அது பொருந்தாது. ஆகவே, இருவரும் பணச் செலவில் மட்டுமே வந்தார்கள். பண்ணையிலிருந்து ஒரு நாற்றும் பிடுங்கப்படவில்லை.

ஒப்பந்தமானபோது அலோன்சோவுக்கு 31 வயது. 2024-இலும் 2025-இலும் 162 ஆட்டங்களிலும் ஆடியவர். கேம்டன் யார்ட்ஸ் அரங்கின் இடப்பக்கச் சுவர் 2025 பருவத்துக்கு முன் மீண்டும் முன்னே கொண்டுவரப்பட்டதும் வலக்கை மட்டையாளரான அவருக்குச் சாதகமே. கடைசி இரண்டு ஆண்டுகள் கசக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்காக அந்தக் கசப்பை ஏற்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஷேன் பாஸ் என்ற ஒரு பந்தெறிவாளருக்காக நான்கு இளைஞர்களையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் டாம்பா பே ரேஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டார்களே என்று மனம் வருந்துகிறது.

பதில்: விதைநெல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் வருத்தம் கொஞ்சம் குறையலாம். பர்ன்ஸும் சான்டாண்டரும் தகுதி ஒப்பந்தத்தை மறுத்து வெளியேறியதால், 2025 டிராஃப்டில் ஓரியோல்ஸுக்கு ஈடாக 30-ஆவது, 31-ஆவது தேர்வுகள் கிடைத்தன. 30-ஆவது தேர்வில் வந்தவர் கேடன் போடின் என்ற கேட்சர் (பந்தெறிவாளர் எறியும் பந்தைப் பிடிப்பவர்). இப்போது பாஸுக்காகப் போனவர்களில் அவர் ஒருவர். ஆக, வெளியேறிவிட்ட பர்ன்ஸின் ஒரு பங்குதான் பாஸாகத் திரும்பியிருக்கிறது. மேலும், அட்லி ரட்ச்மன், பசாயோ என இரு கேட்சர்களை வைத்திருக்கும் அணியில் போடினுக்கு அருகில் வாய்ப்பு இல்லை. ஸ்லேட்டர் டி புருனின் கதை இன்னும் விசித்திரமானது: 2025 ஜூலையில் பிரையன் பேக்கர் என்ற பந்தெறிவாளரை ரேஸுக்குக் கொடுத்துப் பெற்ற 37-ஆவது தேர்வில்தான் அவரை எடுத்தார்கள், ஐந்தே மாதத்தில் அவர் அதே ரேஸுக்கே போய்ச் சேர்ந்தார். ஆஸ்டின் ஓவர்னும் வெளிக்கள வீரர்; அந்த இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பந்தெறிவாளர் மைக்கேல் ஃபாரெட் போனது மட்டும் உண்மையான இழப்பு, ஏனெனில் சொந்தமாகப் பந்தெறிவாளர்களை வளர்த்தெடுப்பதில் இந்தப் பண்ணை பலவீனமானது.

பரிமாற்றத்தின்போது பாஸ் மீதான அணியின் உரிமை 2028 வரை மீதமிருந்தது. 2025-இல் அவருடைய எண்கள் சிறப்பானவை அல்ல என்பது தெரிந்ததே. ஆனால் அவருடைய வேகமும் வயதும் ஓராண்டு ஒப்பந்தத்தில் கிடைக்கிற பொருள்கள் அல்ல. எனக்கு உறுத்துவது மற்றொரு பரிமாற்றம். வெளிக்கள வீரர் டெய்லர் வார்டு 2025-இல் 36 ஹோம் ரன் அடித்தவர்தான், ஆனால் 2026 முடிந்ததும் அவர் வெளியேறலாம். ஓர் ஆண்டுக்கு மட்டும் உறுதியான அவருக்காக, இன்னும் நான்கு ஆண்டுகள் உரிமை மீதமிருந்த ரோட்ரிகஸை லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். ரோட்ரிகஸின் கை தேறிவிட்டால் இது நெடுநாள் பேசப்படும்.

பண்ணை வெறுமையாகிவிடவில்லை. 31-ஆவது தேர்வான வெஹிவா அலோய், முதல் சுற்றில் வந்த ஐக் ஐரிஷ், பதினாறாம் சுற்றில் எடுக்கப்பட்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்த நேட் ஜார்ஜ் எல்லாரும் இருக்கிறார்கள்.

கேள்வி: அலோன்சோ முதல் தளத்தில் நின்றால் கோபி மேயோ எங்கே ஆடுவார்?

பதில்: மூன்றாம் தளத்தில் ஜோர்டன் வெஸ்ட்பர்க் ஆடாத நாள்களில் அங்கே, அல்லது மட்டை மட்டும் பிடிப்பவராக. பந்தெறிவாளர் ஒருவருக்கு ஈடாக அவரைக் கேட்டு வரும் அணிகளுக்கு எலியாஸ் கதவைத் திறந்து வைப்பதே சரி.

கேள்வி: கன்னர் ஹெண்டர்சனும் அட்லி ரட்ச்மனும் பால்டிமோரிலேயே நிலைப்பார்களா?

பதில்: ரட்ச்மன் மீதான அணியின் உரிமை 2027 பருவத்தோடு முடிகிறது, ஹெண்டர்சன் மீதான உரிமை 2028-ஓடு. 2022 மே மாதம்தான் ரட்ச்மன் அறிமுகமானார். ஆனால் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றதால், புதிய விதிப்படி அவருக்கு முழு ஆண்டுப் பணிக்காலம் சேர்ந்துவிட்டது. அந்த விதி இல்லையெனில் ஓரியோல்ஸுக்கு இன்னோர் ஆண்டு மிஞ்சியிருக்கும். மறுபுறம், ஹெண்டர்சன் 2023-இன் சிறந்த புதுமுகமானதால் அணிக்கு 2024 டிராஃப்டில் கூடுதல் தேர்வு ஒன்று பரிசாகக் கிடைத்தது.

அறிமுகமாகி ஒரு வாரத்துக்குள் பசாயோவோடு எட்டு ஆண்டுகளுக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது நல்ல தொடக்கம். ஹெண்டர்சனிடம் அந்த விலை செல்லாது. அவருடைய முகவர் ஸ்காட் போராஸ் வீரர்களைச் சந்தைக்குக் கொண்டுபோவதையே விரும்புபவர். வீரர்கள் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சென்ற முறை 2021 டிசம்பரில் தொடங்கிய கதவடைப்பு 99 நாள்கள் நீடித்தது. அக்காலத்தில் அணிகள் தம் வீரர்களோடு பேசவே தடை இருந்தது. எனவே ஹெண்டர்சனிடம் பேச உண்மையில் கையிலிருப்பது 2026 நவம்பர் வரையிலான மாதங்கள் மட்டுமே. அலோன்சோவுக்குத் திறந்த கையை அவருக்கும் இப்போதே திறக்க வேண்டும். 2028 வரை காத்திருக்க நேரமில்லை.