சின்னச் சின்ன பியானோ படைப்புகள்கூட இடைநிலை மாணவர்களுக்கு ஏன் கடினமாக இருக்கின்றன?

இடைநிலைப் படைப்பு என்பது, இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்யப் பழகிய, ஆனால் பல பகுதிகள் கொண்ட பெரிய சொனாட்டாக்களுக்கு இன்னும் தயாராகாத மாணவருக்கானது. பெரும்பாலும் ஓரிரு பக்கங்கள்தான்.

இசையமைப்பாளர் ஷோபானின் ஓபஸ் (படைப்பு எண்) 28 தொகுப்பின் (1839) நான்காவது பிரெலூடை, அதாவது ஒரு சிறு தனிப்படைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் நீண்ட, எளிய மெட்டு. இடது கை அதற்குக் கீழே கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை) மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் பியானோவில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது, விசையை அழுத்தும்போது உள்ளே எழும் சுத்தி எவ்வளவு வேகத்தில் கம்பியைத் தட்டுகிறது என்பதே. விசையை மிக மெதுவாக அழுத்தினால் சுத்தி கம்பியை எட்டாது, ஒலியே வராது. சற்று வேகம் கூடினாலும் கார்டு மெட்டை அமுக்கிவிடும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் இடது கை பல முறை சரியாக இறங்க வேண்டும். விளிம்புவரை நிரம்பிய தண்ணீர்க் குவளையை ஏந்தியபடி, ஒருவருடன் இயல்பாகப் பேசிக்கொண்டே நடப்பது போன்றது இது.

இசையமைப்பாளர் புர்க்முல்லரின் ஓபஸ் 100 தொகுப்பிலுள்ள 'அரபெஸ்க்' வேறு வகை. வலது கையின் விரைவான ஐந்து சுர வரிசையை நடுப்பகுதியில் இடது கை வாங்கிக்கொள்கிறது. அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்காம் விரலின் (மோதிர விரலின்) தசைநார்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது தனித்து இயங்கத் திணறுகிறது. அந்த வரிகளை மட்டும் இடது கையால் தனியே, மெதுவாக வாசித்துப் பழகுவதையே நான் வலியுறுத்துவேன்.

மெதுவான படைப்பு என்றாலே எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வேகத்தில் மறைந்துபோகும் ஒலிச் சமனின்மை மெதுவான வாசிப்பில் அப்படியே காதில் விழும்.