பழைய லேப்டாப்பை எடைக்குப் போடலாமா?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் கல்லூரிக்காக 2014இல் வாங்கிய லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு ஒரு காபி குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. கடையில் கேட்டால் "எடைக்குப் போடுங்க சார், புதுசு எடுங்க" என்கிறார்கள். தம்பி மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான், கூடவே எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, மேட் என்று அதன் திரை முகப்புகளின் (டெஸ்க்டாப்) பெயர்களை அடுக்குகிறான். பேப்பர் படிக்க, யூடியூப் பார்க்க, கோயில் திருவிழா நோட்டீஸ் தமிழில் டைப் செய்ய எது சரிப்படும்?

பதில்: எடைக்குப் போட வேண்டாம் ஐயா. ஆனால் தம்பி மகன் கேட்பது இரண்டாவது கேள்வி. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? உங்கள் லேப்டாப்பில் தூர்ந்துபோன வாய்க்கால் அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று (2.5 அங்குலம், சாட்டா இணைப்பு) போடுங்கள். 240 ஜிபி போதும். காசு மிஞ்சினால் ரேமை 8 ஆக்கலாம். அந்தக் கால லேப்டாப்புகள் பலவற்றில் டிடிஆர்3எல் என்ற குறைந்த மின்னழுத்த ரேம்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சரி, எது என்று கேட்டீர்கள். என் ஓட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு. கீழே பட்டை, மூலையில் மெனு என்று லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் அதை அமைத்துத் தருவதால், விண்டோஸ் பழகிய கைக்குத் தடுமாற்றம் இருக்காது. எல்எக்ஸ்க்யூடி இன்னும் கொஞ்சம் இலகுதான், லுபுன்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் அதுதான் வருகிறது. ஆனால் அதில் மிச்சமாகும் சில நூறு எம்பியை யூடியூப் பக்கம் ஒன்றே விழுங்கிவிடும். 2 ஜிபி ரேம் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். மேட், க்னோம் 2 என்ற பழைய முகப்பின் தொடர்ச்சி, அதிலும் குறை இல்லை. மின்டின் முதன்மைப் பதிப்பில் வரும் சினமன் முகப்பு பார்க்க அழகு, ஆனால் 4 ஜிபியில் அதற்கு ஆசைப்படாதீர்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பு இரண்டையும் போடச் சொல்லுங்கள். தமிழ்99 வரும், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் வரும். கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதில் அடிக்கலாம். லிப்ரே ஆபீஸில் நோட்டீஸ் தாராளமாகத் தயாராகும். ஒரு சிக்கல்: அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும் வைத்திருந்தால் உங்கள் கோப்பு அங்கே அப்படியே திறக்காது. பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு பிரின்டர் கேனான் எல்பிபி 2900 என்றால் செருகியதும் வேலை செய்யாது, தனி டிரைவர் போட வேண்டும்.

எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து மின்டை ஓட்டிப் பாருங்கள், எதுவும் அழியாது. வைஃபை, சத்தம், டச்பேட் மூன்றும் சரியா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேகத்தை மட்டும் அதை வைத்து எடை போடாதீர்கள், பென்டிரைவ் எப்போதும் மெதுவுதான்.

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் ஒரு கடையில் லினக்ஸ் போட்டுத்தரப் பணம் கேட்கிறார்கள். இலவசம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: மென்பொருள் இலவசம், அவர் உட்காரும் ஒன்றரை மணி நேரம் இலவசமில்லை. கூலி கேட்பது நியாயம். "லைசென்ஸ் கீ" என்று தனியாக ஒரு தொகை எழுதினால் மட்டும் கொடுக்காதீர்கள், மின்டுக்கும் லுபுன்டுவுக்கும் அப்படி ஒன்று கிடையாது. அப்புறம், வேலையை ஆரம்பிக்கும் முன் போட்டோக்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்தாரா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.