சிங்கப்பூர் இந்தியர்களில் 41 விழுக்காட்டினர் பட்டதாரிகள் என்றால், சிண்டாவுக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

மேலே உள்ள கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் சொல்லும் எண் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 33 விழுக்காட்டினர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 41 விழுக்காடு. இவ்வளவு படித்த சமூகத்துக்குச் சம்பளத்தில் மாதாமாதம் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பணம் பிடிப்பது எதற்கு என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 41ஐ வைத்து முடிவுக்கு வர முடியாது. நான் பெரியவர்களுக்கு மாலை நேரப் பயிற்சி வகுப்பு எடுப்பவன். என் வகுப்பில் வந்து உட்காரும் தமிழர்களை அந்த எண்ணில் காண முடிவதில்லை.

முதலில் அந்த 41க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு 'இந்தியர்' என்று சொல்வதில் தமிழர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மலையாளிகள், பஞ்சாபியர், தெலுங்கர், இந்தி பேசுவோர் எல்லோரும் சேர்ந்த கூட்டு அது. அதோடு, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். கணினித் துறை, வங்கி, பொறியியல் வேலைகளுக்காக இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசி ஆனவர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடுதான் விமானம் ஏறினார்கள். ஈ பாஸ் என்ற, வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி கிடைப்பதே சம்பளத்தையும் படிப்பையும் பார்த்துத்தான். 2023 செப்டம்பரிலிருந்து படிப்புக்கு வெளிப்படையாகவே புள்ளி போடுகிறார்கள். அவர்களும் நம் மக்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திருச்சியிலோ ஹைதராபாத்திலோ வாங்கிய பட்டம், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இங்குள்ள பள்ளியில் எப்படிப் படித்தான் என்று நமக்குச் சொல்லாது.

அந்தப் பிள்ளையின் கதையை அறிய சிண்டா ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். 1980களில் இந்திய மாணவர்களின் தேர்வு முடிவுகள் பின்தங்கியிருந்தன. அதை ஆராய ஒரு செயற்குழு அமைத்தார்கள், அதைத் தொடர்ந்து 1991இல் சிண்டா தொடங்கியது. அந்த ஆண்டில் பத்து, பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். அவர்களுக்கு மூத்த அண்ணன், அக்காமார் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். 1979இல் வந்த, மாணவர்களைத் தேர்ச்சியைப் பார்த்துத் தரம் பிரிக்கும் முறையில் கீழ்ப்பிரிவான வழக்கநிலைக்குப் போனவர்களும், பாதியில் நின்று வேலைக்குப் போனவர்களும் அந்தத் தலைமுறையில் ஏராளம். இன்னும் மேலே போனால், தமிழிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982இல்தான் மூடப்பட்டது. ஆங்கிலத்தில் நடக்கும் வேலைச் சந்தையில் அவர்கள் பட்ட பாடு சின்னதல்ல. 1983இல் 'பெஸ்ட்' என்ற பெயரில் தொழிலாளர்களுக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் திட்டம் வந்ததற்குக் காரணமே, தொடக்கப்பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள் தொழிற்சாலைகளில் அவ்வளவு பேர் இருந்ததுதான்.

ஆக, வயதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே எண்ணாகச் சொன்னால் எல்லாம் கலங்கிவிடும். சிங்கப்பூர்வாசிகளில் 25இலிருந்து 34 வயது வரையானவர்களில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். வயது ஏற ஏற அது சரசரவென்று இறங்குகிறது. வேலை செய்யும் வயது என்று நாம் சொல்வதில் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. ஓய்வு வயதைத் தாண்டியும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே.

இன்னொரு விஷயம், கணக்கெடுப்பின் பெட்டிகள். தொடக்கக் கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வு எழுதியவரையும் ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் நைட்டெக் எனும் தொழிற்சான்றிதழ் படிப்பு முடித்தவரையும் ஒரே பெட்டியில், 'உயர்நிலைக்குப் பிந்தைய கல்வி' என்று போடுகிறார்கள். ஏ லெவல் எழுதியவர்களில் பெரும்பாலோர் அடுத்து பல்கலைக்கழகம் போய்விடுவார்கள். நைட்டெக்கோடு நின்றவர் அங்கேயே நிற்கிறார். சம்பள வித்தியாசமும் லேசுப்பட்டதல்ல. 2024இல் படித்து முடித்து முழுநேர வேலைக்குப் போன பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி. பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்தவர்களுக்கே அது 2,900 வெள்ளி.

அப்புறம், அந்த எண்ணுக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்லாமல் விட முடியாது. ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஊரில் பயிற்சி மையத்தில் பணம் கட்டி, கைத்தொழில் திறன் டெஸ்ட் அடித்து, அந்தச் சான்றிதழோடு வருகிறார்கள். அவர்களில் டிப்ளோமா, பி.இ. முடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இங்கே அவர்களுடைய சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்தக் கைத்தொழில் சான்றிதழ்தான், பட்டத்தை யாரும் கேட்பதில்லை. மழையிலும் வெயிலிலும் கம்பி கட்டும் படித்த பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை.

சரி, சிண்டாவுக்கு என்ன வேலை? பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்தும் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்பு தொடரத்தான் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தனியார் டியூஷனுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இதைக் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் 'ஸ்டெப்' வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் பக்கமும் நாம் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்னிடம் படித்த ஒருவரைச் சொல்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது, மின்சாரப் பிரிவில் நைட்டெக், இப்போது பாதுகாவல் வேலை. டிப்ளோமா படிக்க ஆசை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் 2024 மே மாதம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அப்படியே இருக்கிறது, கட்டணத்திலும் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. அதனால் பணம் அவருக்குத் தடையில்லை. 12 மணி நேர ஷிஃப்டுதான் தடை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும்போது செவ்வாய், வியாழன் மாலை வகுப்புக்கு எப்படி வருவார்? முழுநேரமாகப் படித்தால் மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப்படி உண்டு. ஆனால் அது பொதுவாகச் சம்பளத்தில் பாதிதான். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதிச் சம்பளத்தில் எப்படிச் சமாளிப்பது?

இந்த இடத்தில்தான் ஒரு சமூக அமைப்பு உள்ளே வர வேண்டும். முதலாளியிடம் பேசி ஷிஃப்டை மாற்றிக் கேட்க, விண்ணப்பத்தை உடன் உட்கார்ந்து நிரப்ப, இருபது வருடம் கழித்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பயப்படுபவருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு மாதம் கைகொடுக்க ஆள் வேண்டும். சிண்டாவுக்கு எழுதுங்கள், இதைக் கேளுங்கள். பிடித்தம் வேண்டாமென்றால் படிவம் கொடுத்து விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நான் விலகப்போவதில்லை, கூடுதலாகக் கொடுக்கவும் தயார்.